1967 அம்பாசடருக்கு எந்த இன்ஜின், எந்த கியர்பாக்ஸ்?

நேற்று ஓடோமீட்டரில் 600 கிலோமீட்டர் முடிந்தது. புதுப்பித்த இன்ஜின் பழகும்வரை ஊற்றியிருந்த ரன்னிங்-இன் ஆயிலை இறக்கி, சம்ப் (இன்ஜினுக்கு அடியில் இருக்கும் ஆயில் தொட்டி) பிளக்கைக் கையில் வைத்துத் துடைத்துப் பார்த்தேன். சாம்பல் நிறத்தில் மெல்லிய பசை மட்டும் இருந்தது, நகத்தில் தட்டுப்படும் அளவுக்கு ஒரு துணுக்குகூட இல்லை. பதினான்கு மாத வேலை சரியாக உட்கார்ந்துவிட்டது என்ற நம்பிக்கை அப்போதுதான் வந்தது. மறந்துபோவதற்குள் எல்லாவற்றையும் எழுதி வைத்துவிடுகிறேன்.

வண்டி பெரியப்பாவுடையது. 1967ஆம் வருட அம்பாசடர் மார்க் 2. பொள்ளாச்சியில் தென்னந்தோப்பு ஓரம், தகரக் கொட்டகைக்குள் ஒன்பது வருடம் நின்றிருந்தது. அவர் காலத்தில் 60ஐத் தாண்டி ஓட்டியதே இல்லை. நான் எடுத்து வந்து, பிரேக் சிலிண்டர்களை மாற்றி, கோவையிலிருந்து அவிநாசி வரை முதல் தடவை ஓட்டியபோது 70க்கு மேல் இன்ஜின் கத்த ஆரம்பித்தது. பின்னால் நீலப் புகை. இரண்டாவது கியர் விழும்போது கரகர சத்தம். மூன்றாவது கியர், ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் தானாக வெளியே குதித்தது.

வீட்டுக்கு வந்ததும் கம்ப்ரஷன் பார்த்தேன். நான்கு சிலிண்டரில் 95, 70, 88, 92 பி.எஸ்.ஐ. இரண்டாவதில் ஒரு ஸ்பூன் ஆயில் ஊற்றித் திரும்பப் பார்த்தால் 105. ஆயில் ரிங் இடைவெளியை அடைத்ததும் அழுத்தம் ஏறிவிட்டது. ஆக, வால்வைவிட பிஸ்டன் ரிங்கும் போரும் (சிலிண்டர் துளை) தான் முதல் நோயாளி. இன்ஜினை இறக்கியே ஆக வேண்டும். இறக்கப் போகிறோம் என்றால் அதையே திரும்ப ஏற்ற வேண்டுமா, வேறு ஒன்றை ஏற்றலாமா என்ற கேள்வி அங்கேதான் ஆரம்பித்தது.

முன்னால் மூன்று வழி இருந்தது. ஒன்று, வண்டியிலேயே இருக்கும் 1489 சிசி இன்ஜினையும் ஸ்டியரிங் தண்டில் லீவர் உள்ள நான்கு கியர் பாக்ஸையும் புதுப்பிப்பது. இந்த இன்ஜின் பிரிட்டனின் பி.எம்.சி. பி-சீரிஸ் குடும்பம். போர் 73.025 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் நீளம்) 88.9 மி.மீ., சுமார் 50 குதிரைத்திறன். இரண்டு, 1990களில் அம்பாசடர் 1800க்கும் அதற்கு முன்பே கான்டெஸாவுக்கும் வந்த 1817 சிசி இசுசு பெட்ரோல் இன்ஜின், அதோடு வரும் ஐந்து கியர் பாக்ஸ். அம்பாசடரில் அது 75 குதிரைத்திறன். மூன்று, டாக்ஸிக்காரர்கள் பலர் போட்ட டீசல். டீசலை நான் அதிகம் யோசிக்கவில்லை. அதிர்வும் எடையும் இந்த பாடிக்கு வேண்டாம் என்று முதல் வாரமே முடிவு செய்துவிட்டேன்.

முதல் தவறு இங்கே நடந்தது. பழைய சாமான் வியாபாரி ஒருவரிடம் கான்டெஸாவிலிருந்து இறக்கிய இசுசு இன்ஜினும் பாக்ஸும் சேர்த்து 62,000 ரூபாய்க்குக் கிடைத்தது. இன்ஜின் நல்ல நிலை, தரையில் வைத்து ஓட்டிக் காட்டினார். ஓவர்ஹெட் கேம், வழுவழுவென்று ஓடியது. அம்பாசடருக்கும் கம்பெனியே இந்த இன்ஜினைப் போட்டிருக்கிறது, அப்படியானால் நேராக உட்காரும் என்று நினைத்துக்கொண்டேன். டேப் எடுத்து எதையும் அளக்கவில்லை. வண்டி வாடகை 3,500.

பழைய இன்ஜினை இறக்கிவிட்டு, செயின் பிளாக்கில் இசுசுவைத் தொங்கவிட்டு மெதுவாக உள்ளே இறக்கியபோது ஒவ்வொன்றாகத் தெரிந்தது. சம்ப்பின் ஆழமான பகுதி முன் கிராஸ் மெம்பரில் (அடியில் குறுக்கே ஓடும் இரும்புச் சட்டம்) முக்கால் அங்குலம் இடித்தது. இன்ஜினை அந்த அளவுக்கு மேலே தூக்கினால் ஃபேன் ரேடியேட்டரோடு அரை அங்குலத்துக்கு வந்துவிடுகிறது. மவுண்டிங் இடங்கள் பொருந்தவில்லை. புது பிராக்கெட் வெல்டிங் செய்ய 2,800 கொடுத்தேன், அதுவும் பயன்படவில்லை. புரொப்பெல்லர் ஷாஃப்ட்டை இரண்டே கால் அங்குலம் வெட்டிக் குறைத்து பேலன்ஸ் செய்ய வேண்டும். எல்லாவற்றையும்விட, தரையில் கியர் லீவர் வரும் இடம் சரியாக முன் சீட்டின் விளிம்புக்குக் கீழே. மார்க் 2வின் முன் சீட் ஒரே நீள பெஞ்ச். லீவர் வைக்க டனலை (தரையின் நடுவில் இருக்கும் மேடு) வெட்ட வேண்டும், சீட்டை இரண்டாகப் பிரிக்க வேண்டும். பெரியம்மா அந்த சீட்டில் நடுவில் உட்கார்ந்து வந்த வண்டி இது. கட்டிங் மெஷினைக் கையில் எடுத்தேன், ஆனால் ஸ்விட்சைப் போட மனம் வரவில்லை.

பிரேக்கும் ஒரு காரணம். நான்கு சக்கரமும் டிரம். 50 குதிரைத்திறனுக்கென்று அமைந்ததை 75க்கு நம்பி ஓட்ட எனக்குத் தைரியமில்லை. முன்னால் டிஸ்க் போடுவது என்றால் அது தனி வேலை, தனிச் செலவு.

அப்புறம் பேப்பர். ஆர்.சி.யில் இருக்கும் இன்ஜின் நம்பர் மாறினால், மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவுப்படி ஆர்.டி.ஓ. அனுமதி வேண்டும். இதையும் வாங்குவதற்கு முன்பு நான் யோசிக்கவில்லை. கூடவே இன்னொன்று. 2021 ஜூலையில் மத்திய அரசு விண்டேஜ் வண்டிகளுக்கென்று தனிப் பதிவு கொண்டுவந்தது. முதல் பதிவிலிருந்து 50 வருடம் தாண்டியிருக்க வேண்டும், அசல் வடிவத்தில் இருக்க வேண்டும், சேஸிஸ், பாடி, இன்ஜினில் பெரிய மாற்றம் இருக்கக் கூடாது. பதிவெண்ணில் 'விஏ' என்ற எழுத்து வரும். அந்தப் பதிவு வாங்கினால் தினசரி ஓட்ட முடியாது, கண்காட்சி, ராலி போன்றவற்றுக்குத்தான். இப்போதைக்கு எனக்கு அது வேண்டாம். ஆனால் 57 வருடம் அசலாக நின்ற வண்டிக்கு அந்தக் கதவை நானே சாத்திவிடக் கூடாது என்று தோன்றியது.

இந்த நிலையில், பழைய இன்ஜினைப் பார்க்க வந்த மெக்கானிக் (எழுபது வயதைத் தாண்டியவர், அம்பாசடர் மட்டும் நாற்பது வருடம் பார்த்தவர்) ஒரே ஒரு கேள்வி கேட்டார். "தம்பி, வண்டி கத்துதுன்னு இன்ஜினைக் குத்தம் சொல்றீங்க. பின்னாடி ஆக்ஸில்ல எத்தனைக்கு எத்தனை பல்லுன்னு எண்ணிப் பாத்தீங்களா?"

பார்க்கவில்லை. அன்று சாயங்காலமே எண்ணினேன். முன் சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, பின்னால் ஒரு சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் தூக்கி, புரொப்பெல்லர் ஷாஃப்ட்டில் சாக்பீஸ் கோடு போட்டு, சக்கரத்தை ஒரு சுற்று சுற்றினேன். ஷாஃப்ட் இரண்டரை சுற்றுக்கும் குறைவாக வந்தது. குழம்பிப் போனேன். ஒரு சக்கரம் தரையில் நிற்கும்போது, தூக்கிய சக்கரத்தின் இரண்டு சுற்றுதான் கிரவுன் வீலின் (ஆக்ஸிலுக்குள் சக்கரங்களைச் சுற்றும் பெரிய பல்சக்கரம்) ஒரு சுற்று என்பது பிறகுதான் உறைத்தது. திரும்பவும் 16 சுற்று சுற்றினேன். ஷாஃப்ட் சரியாக 39. அதாவது கிரவுன் 39 பல், அதை ஓட்டும் சின்னப் பல்சக்கரமான பினியன் 8 பல், விகிதம் 4.875. சக்கரங்கள் ஒரு சுற்று சுற்ற ஷாஃப்ட் 4.875 சுற்று சுற்ற வேண்டும்.

டயரில் கோடு போட்டு வண்டியைத் தள்ளி, ஒரு சுற்றுக்கு 2.05 மீட்டர் என்று அளந்துகொண்டேன். டாப் கியர் நேர் ஓட்டம், ஒன்றுக்கு ஒன்று. கணக்குப் போட்டால் 80 கி.மீ. வேகத்தில் இன்ஜின் 3,170 சுற்று சுற்றுகிறது. 88.9 மி.மீ. நீள ஸ்ட்ரோக், மூன்றே மெயின் பேரிங் உள்ள கிராங்க் (பிஸ்டன்கள் சுற்றும் தண்டு). அது கத்தாமல் என்ன செய்யும்? ரோட்டில் நான் கேட்ட சத்தத்தில் பாதி தேய்மானம், மீதிப் பாதி இந்தப் பல் கணக்கு. பிந்தைய வண்டிகளில் வந்த 41க்கு 9 செட் போட்டால் விகிதம் 4.556. அதே 80க்கு 2,960 சுற்று. ஐந்தாவது கியர் தரும் நிம்மதி முழுக்கக் கிடைக்காது, ஆனால் தரையை வெட்ட வேண்டாம், சீட்டைத் தொட வேண்டாம், பேப்பரில் ஒரு எழுத்து மாறாது.

முடிவு அங்கேயே ஆகிவிட்டது. அசல் இன்ஜின், அசல் பாக்ஸ், வேறு ஆக்ஸில் விகிதம். இசுசு செட்டை 45,000க்கு விற்றேன். நஷ்டம், வாடகை, பிராக்கெட் எல்லாம் சேர்த்து 23,300 ரூபாய்.

இன்ஜினைப் பிரித்தோம். பட்டறையில் 'தௌ' என்பார்கள், அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. பிஸ்டன் தலையில் 20 என்று அடித்திருந்தது. யாரோ முன்பே ஒருமுறை 20 தௌ போர் பெரிதாக்கியிருக்கிறார்கள். டயல் கேஜ் வைத்துப் பார்த்ததில் மேல் பகுதி 7 தௌ தேய்ந்திருந்தது, அதுவும் ஒரு பக்கமாக. 30இல் சுத்தமாக வராது, 40க்குப் போக வேண்டும் என்றார் லேத்துக்காரர். 40 தௌவில் கொள்ளளவு கணக்குப்படி 1531 சிசி ஆகிறது. ஸ்லீவ் அடித்துத் திரும்ப ஸ்டாண்டர்டுக்கே கொண்டுவரலாம் என்ற யோசனையும் இருந்தது. செலவு அதிகம் என்று 40ஐ ஏற்றுக்கொண்டேன். இப்போது அதில் எனக்கு முழுத் திருப்தி இல்லை. அடுத்த முறை தேய்ந்தால் ஸ்லீவ் தவிர வழியில்லை. அடுத்த இன்ஜின் செய்தால் முதலிலேயே ஸ்லீவ் அடித்துவிடுவேன்.

பிஸ்டன் வரும் முன்பே போர் அடிக்கக் கொடுக்கலாமா என்று கேட்டதற்கு லேத்துக்காரர் மறுத்துவிட்டார். நான்கு பிஸ்டனும் கையில் வந்த பிறகு, ஒவ்வொன்றையும் மைக்ரோமீட்டரில் அளந்து, அந்தந்த சிலிண்டருக்கு எண் போட்டுத்தான் அடித்தார். மூன்று வாரம் காத்திருந்தது வீண் போகவில்லை, ஒரு பிஸ்டன் மற்றவற்றைவிட முக்கால் தௌ பெரிதாக இருந்தது. சமையலறை டிஜிட்டல் தராசில் எடை பார்த்தேன். லேசானதுக்கும் கனமானதுக்கும் 6 கிராம் வித்தியாசம். கனமானவற்றின் உள்பக்க விளிம்பில் கொஞ்சம் கொஞ்சமாக அரம் போட்டு எல்லாவற்றையும் ஒரு கிராமுக்குள் கொண்டுவந்தேன். ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை போயிற்று. ஐடிலில் வண்டி இப்போது நிற்கும் அமைதியில் அந்த ஞாயிற்றுக்கிழமைக்கும் பங்கு உண்டு என்று நம்புகிறேன்.

கிராங்க் ஏற்கனவே 10 தௌ அண்டர்சைஸ், அதாவது முன்பே ஒருமுறை அரைத்து மெலிதாக்கியது. ஜர்னல்கள் (பேரிங் பிடிக்கும் இடங்கள்) 3 தௌ ஓவலாகியிருந்தன, 20க்கு கிரைண்டிங் செய்தோம். பிளாஸ்டிகேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய பிளாஸ்டிக் நூல்) நசுக்கிப் பார்த்ததில் பிக் எண்டில் (பிஸ்டன் ராட் கிராங்க்கைப் பிடிக்கும் முனை) 2 தௌ இடைவெளி. நான் கவனிக்காமல் விட்டது த்ரஸ்ட் வாஷரை. நடு மெயின் பேரிங்கில் இருக்கும் இந்த வாஷர்கள்தான் கிராங்க் முன்னும் பின்னும் ஆடாமல் பிடிப்பவை. பழையவை பார்வைக்கு நன்றாக இருந்தன, அப்படியே போட்டோம். கிராங்க்கை நெம்பி டயல் கேஜ் பார்த்தால் 9 தௌ ஆடுகிறது. 2லிருந்து 3 தௌதான் இருக்க வேண்டும். அப்படியே மூடியிருந்தால் கிளட்ச் மிதிக்கும் ஒவ்வொரு தடவையும் கிராங்க் முன்னால் நகர்ந்திருக்கும். திரும்பப் பிரித்து, புது வாஷர் வரவழைக்க 12 நாள். பேரிங் ஆர்டர் கொடுக்கும்போதே வாஷரையும் சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டும்.

ஹெட்டுக்குத் தனியாக ஒரு காரணம் இருந்தது. இந்த வார்ப்பிரும்பு ஹெட் ஈயம் கலந்த பெட்ரோல் காலத்துச் சரக்கு. அந்த பெட்ரோல் 2000ஆம் வருடத்தோடு நாடு முழுக்க நின்றுவிட்டது. ஈயம் இல்லாமல் எக்ஸாஸ்ட் வால்வு, சீட்டுக்குள் கொஞ்சம் கொஞ்சமாகப் புதைந்துகொண்டே போகும். வண்டியை எடுத்து வந்த புதிதில் டேப்பட் (வால்வுக்கும் அதைத் தள்ளும் கைக்கும் நடுவே உள்ள இடைவெளி) 15 தௌ வைத்தேன், மூன்று மாதத்தில் இரண்டு எக்ஸாஸ்டில் 9 ஆகியிருந்தது. அப்போது அதற்கு அர்த்தம் தெரியவில்லை. இப்போது நான்கு எக்ஸாஸ்ட் துளைகளிலும் கடினமான சீட் வளையம் அடித்தாயிற்று, ஒன்று 700 ரூபாய். 600 கிலோமீட்டருக்குப் பிறகும் 15 அப்படியே நிற்கிறது.

எத்தனால் கலந்த பெட்ரோலுக்காக ரப்பர் குழாய்களையும் பம்ப் டயஃப்ரத்தையும் அதைத் தாங்கும் ரகத்துக்கு மாற்றினேன். எஸ்.யூ. கார்புரேட்டரில் ஜெட் நட்டை இரண்டு முகம் கீழே இறக்கியதும் ஸ்பார்க் பிளக் வெளுப்பிலிருந்து இளம் பழுப்புக்கு வந்தது.

கியர்பாக்ஸ் நினைத்ததைவிட எளிது. இதில் முதல் கியருக்கு சிங்க்ரோ (ஓட்டத்தில் கியர் உரசாமல் விழ உதவும் அமைப்பு) கிடையாது, வண்டி நின்ற பிறகுதான் போட வேண்டும். இரண்டு, மூன்று, நான்குக்கு சிங்க்ரோ வளையங்கள் மாற்றினோம். லே ஷாஃப்ட்டில் (பாக்ஸுக்குள் இருக்கும் துணைத் தண்டு) நீடில் ரோலர் ஓடிய இடம் பள்ளம் விழுந்திருந்தது, அதையும் மாற்றினோம். மூன்றாவது கியர் குதித்ததற்குக் காரணம் செலக்டர் ராடின் பந்தை அழுத்தும் ஸ்பிரிங். புதியதைவிடக் கால் அங்குலம் குட்டையாகியிருந்தது. 40 ரூபாய் ஸ்பிரிங்! ஸ்டியரிங் தண்டின் அடியில் இருக்கும் லிங்க் புஷ்களையும் மாற்றிய பிறகு லீவர் ஆட்டம் நின்றது. ஆயில் விஷயத்தில் ஒன்று முக்கியம். டிஃப்ரன்ஷியலுக்கு (பின் ஆக்ஸிலின் பல்சக்கரப் பெட்டி) ஜிஎல்-5 ரக கியர் ஆயில், பாக்ஸுக்கு ஜிஎல்-4. ஜிஎல்-5ஐ பாக்ஸில் ஊற்றினால் பித்தளை சிங்க்ரோ வளையத்துக்கு ஆகாது என்பதால் இரண்டு டப்பாவிலும் பெரிதாக எழுதி ஒட்டி வைத்தேன்.

ஆக்ஸில் கேரியருக்கு (கிரவுனும் பினியனும் உட்காரும் கூடு) இரண்டு முறை அலைந்தேன். கிரவுனும் பினியனும் ஜோடியாகத் தேய்ந்து பொருந்தியவை, தனித்தனியாக வாங்கிக் கலக்கக் கூடாது. அதனால் முழுக் கேரியரையே வாங்கினேன். முதலில் வாங்கியதில் ஆஃப் ஷாஃப்ட் (சக்கரத்துக்குப் போகும் தண்டு) நுழையவில்லை, அதன் நுனியில் இருக்கும் ஸ்ப்லைன் பல் எண்ணிக்கை வேறு. இரண்டாவது தடவை ஒரு ஆஃப் ஷாஃப்ட்டை சாக்கில் சுற்றி பைக்கில் கட்டி எடுத்துக்கொண்டே போனேன். கடையிலேயே செருகிப் பார்த்து, பினியனைச் சுற்றிப் பல் எண்ணி வாங்கினேன். புது பினியன் பேரிங், ஆயில் சீல் போட்டு பேக்லாஷ் (பல்லுக்கும் பல்லுக்கும் நடுவே உள்ள ஆட்டம்) 6 தௌவுக்கு வரும்படி ஷிம் (மெல்லிய தகடு) வைத்தோம். வண்டியில் ஏற்றிய பிறகு 18 சுற்றுக்கு 41. எண்ணி முடித்துவிட்டு மெக்கானிக்கைக் கூப்பிட்டுச் சொன்னேன், "சரிங்க தம்பி, இப்ப ரோட்டுக்குப் போங்க" என்றார்.

செலவைச் சொல்லிவிடுகிறேன். போர், ஹோனிங் 4,400. கிராங்க் கிரைண்டிங் 5,500. பிஸ்டன், ரிங் 11,200. பேரிங்குகள், த்ரஸ்ட் வாஷர் 6,300. ஹெட் வேலை மொத்தம் 9,600. கேஸ்கட், டைமிங் செயின், ஆயில் பம்ப் வகையறா 8,700. கிளட்ச் 6,800. இன்ஜின் கூலி 24,000. பாக்ஸ் பாகமும் கூலியுமாக 19,400. கேரியர் 9,500, அதன் பேரிங், ஷிம் வேலை 4,100. கூட்டினால் 1,09,500. இசுசுவில் விட்டதையும் சேர்த்தால் 1,32,800.

ஓட்டிப் பார்த்ததில் ஸ்பீடோமீட்டர் ஒரு நல்ல செய்தி தந்தது. அதன் கேபிள் கியர்பாக்ஸிலிருந்து வருவதால் ஆக்ஸில் விகிதம் மாறினால் காட்டும் வேகமும் பிசகும். முன்பு முள் 60 காட்டும்போது போன் ஜி.பி.எஸ்.ஸில் 57. இப்போது அதே 60க்கு 61. பழைய பிசகு கிட்டத்தட்டச் சரியாகிவிட்டது. 80இல் பக்கத்தில் இருப்பவரோடு குரலை உயர்த்தாமல் பேச முடிகிறது. லிட்டருக்கு 10.8 கொடுத்தது 11.6 ஆகியிருக்கிறது.

ஏற்றத்தில்தான் விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கிறது. போன வாரம் மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரி ஏறினேன், 33 கிலோமீட்டர். நாலு பேர் உட்கார்ந்திருந்தோம். பழைய விகிதத்தில் மூன்றாவதில் இழுத்திருக்கும் சில வளைவுகளில் இப்போது முன்கூட்டியே இரண்டாவதுக்கு இறங்க வேண்டியிருந்தது. இரண்டாவது கியர் ஒரு தடவைகூடக் கரகரக்கவில்லை. ரேடியேட்டர் கொதிக்கவில்லை, ஆனால் மேலே போய் நிறுத்தியதும் ஓவர்ஃப்ளோ குழாயில் கால் லிட்டர் தண்ணீர் வெளியே வந்தது. அதைப் பிடிக்க ஒரு சின்ன டப்பா பொருத்த வேண்டும்.

மலையோரத்தில் வாழ்நாளெல்லாம் ஓட்டுபவருக்கு 39க்கு 8தான் நல்லது, மாற்ற வேண்டாம் என்று சொல்வேன். என் ஓட்டம் பெரும்பாலும் சேலம் ரோடு. பழைய கேரியரை கிரீஸ் தடவி, சாக்கில் சுற்றி, பெரியப்பாவின் கொட்டகையிலேயே பத்திரமாக வைத்திருக்கிறேன்.

மீதி இருப்பது ஒரு ஒழுகல். இந்த இன்ஜினில் கிராங்க்கின் பின்பக்கம் ரப்பர் சீல் கிடையாது. ஷாஃப்ட்டிலேயே திருகு மாதிரி ஒரு வரி வெட்டியிருக்கும், அது சுற்றும்போது ஆயிலை உள்ளே திருப்பி அனுப்பும். வண்டி நின்ற பிறகு கொஞ்சம் சொட்டுவது அதன் இயல்பு. ராத்திரி கீழே அட்டை விரித்து வைத்தேன். ஏற்றிய முதல் வாரம் ஏழு சொட்டு, நேற்று ராத்திரி நாலு. 1,500 கிலோமீட்டர் வரை எண்ணிப் பார்த்துவிட்டு, குறையவில்லை என்றால் பாக்ஸை இறக்கிப் பார்க்க வேண்டும்.